ஓர் அடுப்புக்கு ஓர் எண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை மடக்கிக்கொண்டால் எல்லோருக்கும் இடமுண்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே மத்தியானத்தில் குடும்பம் குடும்பமாகச் சேர்த்துவைத்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

விரிசல் விட்ட பழைய குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். புதுக் கட்டடத்தில் நூற்று நாற்பது வீடுகள். தனியாகச் சமைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அதாவது ஓர் அடுப்புக்கு, ஒரு வீடு என்பது ஏற்பாடு. நாலு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதற்குள் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே குழு எண் விழுந்தாக வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு சாவி.

அலுவலக பெஞ்சில் இரண்டு ஓரகத்திகள் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய குடியிருப்பில் ஒரே இருபத்தேழாம் கதவுக்குள் குடியிருப்பவர்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை.

“எங்களுக்குத் தனிச் சாவிதானே சார்?” என்று பட்டியல் போடும் மேலாளரை அவள் மூன்றாம் முறையாகக் கேட்டாள். “பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தும்மினாக்கூட அந்தப் பக்கம் பேச்சு வருது.”

“எனக்கு மட்டும் இவகூட இருக்கணும்னு வேண்டுதலா?” என்றாள் மூத்தவள், சுவரைப் பார்த்து.

“கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா.”

அவர் போட்ட விதி எளிது. மேல் வரிசையின் கதவு எண்ணே இந்த வரிசையிலும் இருந்தால் அதே குழு. மாறினால் அடுத்த எண். பொத்தானைத் தட்டினார். கடைசி வரிசையில் அந்தக் கைக்குழந்தை. குழு எண் அறுநூற்று நாலு!

மேலாளர் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டார். எதையும் உற்றுப் பார்ப்பதால் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர்.

“பால்குடிக்கிற புள்ளைக்கு ஒரு வீடு, பெத்தவளுக்கு ஒரு வீடு. ரொம்ப தாராளம் சார்!” என்றாள். “பட்டியல் வயசு வரிசையில கிடக்கு. ஒரே வீட்டுக்காரங்க திசைக்கொருத்தரா நிக்கிறாங்க. மொதல்ல பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க, அப்புறம் எண் போடுங்க.”

கதவு வாரியாக அடுக்கி, அதே விதியை ஓடவிட்டாள். நூற்று முப்பத்தொன்பது.

“அப்பாடா! ஒரு வீடு மிச்சம்கூட!” என்றார் மேலாளர்.

“வீடு மிச்சமில்ல சார். குடும்பம் ஒண்ணு குறையுது.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. பெஞ்சில் இளையவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி பட்டியலை நகர்த்தினாள். யாரும் எட்டிப்பார்க்காத வலது ஓரத்துக் கட்டங்களில், வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது அவளே குறித்த அடுப்பு எண்கள் இருந்தன. கதவு, அதற்குள் அடுப்பு என்று மறுபடி அடுக்கினாள். இரண்டுமே மேல் வரிசையோடு ஒத்தால்தான் பழைய எண் என்று விதியைத் திருத்தினாள். நூற்று நாற்பது!

“இருபத்தேழுல ரெண்டு அடுப்புன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“தடுப்புக்கு ரெண்டு பக்கமும் பாத்திரம் உருண்டுச்சு சார். கோவமா உருட்டினா தெரியாதா?”

மேலாளர் இருபது வருஷமாகப் பட்டியல் பார்க்கிறவர். அதற்குள்ளிருந்து பாத்திரச் சத்தம் அவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

நாலு மணிக்கு மூத்தவளுக்கு இருபத்தேழாம் சாவி, இளையவளுக்கு இருபத்தெட்டு. அடுத்தடுத்த வீடு. இளையவள் சாவியைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“புள்ள அழுதா சுவரைத் தட்டு,” என்றாள் மூத்தவள். “வரேன். ஆனா கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருவேன்.”

உங்கள் வீட்டிலும் ஒருவர் விடுபடாமல் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருங்கள், கண்ணுகளா. உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.