நண்டும் முதுகும்

படம் காட்டுகிறவர் அதை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாத படம் சேர்த்தியில்லை. இது சுப்புராமன் வைத்த சட்டம். கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர். புகைப்படச் சங்கத்தின் புரொஜெக்டர் அவருடையது, ஆகவே சட்டமும் அவருடையது.

சங்கம் மாதம் ஒரு ஞாயிறு காலை வெள்ளவத்தையில் மாணவருக்கு வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் கூடும். யாரோ எழுதிவிட்டுப் போன இரசாயனச் சமன்பாட்டின் மேல் திரையைத் தொங்கவிடுவார்கள். எல்லோரிடமும் நல்ல கேமரா இருந்தது. படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நவரத்தினம் அன்று முன்வரிசையில் இருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் முகாமையாளர். அவருடைய படங்களைச் சங்கம் இதுவரை "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லால் வரவேற்று வந்தது. இன்று அது மாறப்போகிறது. சட்டைப்பையில் பென் டிரைவ் இருந்தது. அதற்குள் ஒரு நண்டு இருந்தது.

வெள்ளவத்தைக் கடற்கரைப் பாறையில் எடுத்த நண்டு. வாயில் நுரை தள்ளியிருந்தது. நுரையின் ஒவ்வொரு குமிழியிலும் ஒரு சூரியன். இனி இப்படி ஒரு படம் தனக்கு வாய்க்காது என்று அவருக்குத் தெரியும். வாய்த்ததே எப்படி என்றும் தெரியாது.

அவருக்கு முன் தனுஷியாவின் முறை. கொட்டாஞ்சேனைப் பெண், வங்கியில் வேலை, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரையில் படம் விழுந்ததும் அறை அமைதியானது.

கடல். மாலை வெயில். பாறையில் ஒரு கிழவர் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். தோள்கள் இறங்கிப்போயிருந்தன. சட்டை பின்பக்கம் சுருண்டு மேலே ஏறியிருந்தது. உச்சி வழுக்கையில் மட்டும் வெளிச்சம் பட்டு மின்னியது.

"நான் வெள்ளவத்தையில தண்டவாளத்துக்கு இஞ்சால மேட்டில நிண்டனான்," என்றாள் தனுஷியா. "அரை மணித்தியாலமா அவர் அசையவே இல்லை. அழுகிறார் போல எண்டு நினைச்சன். கிட்டப் போய்க் கதைப்பம் எண்டுதான் பாத்தன். ஆனா லைட் போயிடும்."

"இது படம்," என்றார் சுப்புராமன். "யாருமில்லாத மனுஷன்னு முதுகே சொல்லுதே."

பின்வரிசையில் ஒரு டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

நவரத்தினத்துக்கு அந்தச் சட்டையைத் தெரியும். நீலக் கோடு போட்டது. இப்போது வீட்டில் அழுக்குக்கூடையில் கிடந்தது. வழுக்கையைத்தான் தெரியாது. அதை அவர் இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். கேமராவோடு வெளிக்கிட்டால் எப்போதும் தொப்பி போடுகிறவர். நண்டை எடுத்த அன்று அதன் விளிம்பு கேமராவில் இடித்ததால் கழற்றிவைத்திருந்தார். கேமராவை அவருடைய உடம்பு மறைத்துவிட்டது. நண்டையும்தான்.

"அடுத்தது நவரத்தினம் சார்."

அவர் எழுந்தார். நண்டைக் காட்டினால் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதே பாறை, அதே மாலை. சொன்னால் யாருமில்லாத கிழவர் அவர்தான். அவருக்கு மனைவி உண்டு. இரண்டு பிள்ளைகள் உண்டு. கிழவர் என்ற எண்ணம் மட்டும் இல்லை.

பென் டிரைவில் இன்னொரு படமும் கிடந்தது. அதைத் திறந்தார். உளுந்து வடை.

"எப்படி எடுத்தீங்க?"

"கடையில வாங்கினனான். எடுத்தனான்."

"அப்புறம்?"

"சாப்பிட்டனான்."

"பரவாயில்லை," என்றது சங்கம்.

வருட இறுதிக் கண்காட்சியில் வாசலில் தனுஷியாவின் படத்தைப் பெரிதாக வைப்பதென்று முடிவாயிற்று. ஆனால் படத்திலுள்ள பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாது என்றார் சுப்புராமன். எல்லோரும் நவரத்தினத்தைப் பார்த்தார்கள். வெள்ளவத்தைக்காரர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரமே சங்கம் வாங்கிய சாமான்கள் நவரத்தினத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இடுப்பில் கட்ட ஒரு சாரம், ஒரு பால்மாப் பெட்டி, ஒரு ஊன்றுகோல்.

"ஆருக்கு இது?" என்றாள் மனைவி சுபோதினி.

அவர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்திருந்த படத்தைக் காட்டினார்.

"உங்கட முதுகை ஏன் எடுத்து வச்சிருக்கினம்?"

"என்ர எண்டு எப்படித் தெரியும்?"

"கடலைப் பாத்துக்கொண்டும் கம்பியூட்டரைப் பாத்துக்கொண்டும் நீங்கள் எனக்குக் காட்டுறது அதைத்தானே."

"இந்த வழுக்கை எப்ப இருந்து?"

"தொப்பி வாங்க முதலே."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"தெரிஞ்சுதான் வாங்கினியள் எண்டு நினைச்சன்."

அவர் ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். அது அங்கே நன்றாகப் பொருந்தி நின்றது.

சனிக்கிழமை பின்னேரம் தனுஷியாவும் வந்துவிட்டாள். பெரியவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அழுகிறவரை விட்டுவிட்டுப் படம் எடுத்தது மனதை அரிக்கிறதாம். இருவரும் தண்டவாளத்தைக் கடந்து பாறைகளில் இறங்கினார்கள். சாமான்கள் நவரத்தினத்தின் கையில்.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் ஓரமாக ஒரு முதியவர் கைகளை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். எண்பது இருக்கும். அவரிடம் சாமான்களைக் கொடுத்துக் காரியத்தை முடித்துவிடலாம்.

"அவராத்தான் இருக்கும், பிள்ளை."

தனுஷியா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இல்லை அங்கிள். மற்றவர் இவரைவிடத் தளந்த ஆள்."

நவரத்தினம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு யோசனை எதுவும் தோன்றவில்லை.

வெயில் சாய்ந்தது. ரயில் ஒன்று போனது. தனுஷியா தண்டவாளப் பக்கமாக மேட்டில் ஏறி நாலு பக்கமும் தேடினாள். அப்போதுதான் பாறை இடுக்கிலிருந்து நண்டு வந்தது.

முந்தியதைவிடப் பெரிது. வாயில் நுரை. தான் அதைப் பார்க்கவில்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். நண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. அவர் ஊன்றுகோலைக் கீழே வைத்தார். கேமராவை எடுத்தார். விளிம்பு இடித்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மேட்டில் தனுஷியாவின் கேமரா ஒரு தரம் சொடுக்கியது. மறு சொடுக்கு வரவில்லை.

"அங்கிள்…"

"கொஞ்சம் பொறு, பிள்ளை. நண்டு போயிடும்."

நண்டு போய்விட்டது. அவள் இறங்கிவந்து பக்கத்துப் பாறையில் இருந்தாள். அவர் முந்தி எடுத்த நண்டைக் கேமராத் திரையில் தேடி எடுத்து நீட்டினார். அவள் பெரிதாக்கினாள். குமிழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் அழேல்லையா?"

"சந்தோசத்தில மூச்சு விடாமல் இருந்தனான்."

"இதை வச்சுக்கொண்டா வடையைக் காட்டினனீங்கள்?"

அவர் கடலைப் பார்த்தார்.

"காட்டுங்கோ அங்கிள்," என்றாள். "என்ர படம் வாசலில இல்லாட்டிப் பரவாயில்லை. இது கேமராவுக்குள்ள கிடக்கக் கூடாது."

அடுத்த கூட்டத்தில் நவரத்தினம் நண்டைப் போட்டார். அறை அமைதியானது. ஒருவர்கூடப் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை.

"சார்," என்றார் சுப்புராமன். குரல் இறங்கியிருந்தது. "இதை எப்படி எடுத்தீங்க?"

நவரத்தினம் திரையின் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு திரும்பி நின்று சபைக்கு முதுகைக் காட்டினார்.

யாருக்கும் விளங்கவில்லை. தனுஷியா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்புராமன் கண்ணாடியை மேலே தள்ளி அந்த வழுக்கையையும் முதுகையும் நெடுநேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்க சார்."

நவரத்தினம் குனிந்தார்.