கண்ணாடிக் கதவில் ஒரு தொப்பி

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, சோபாவின் நுனியில் ரிமோட்டும் கையுமாக இருந்த குமுதினி, ஒரே வரியை நாலாம் தடவையாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். டிவியில் ஒரு மாடிப்படி. படியின் உச்சியில் ஒரு பெண், கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். கீழே பூக்கண்ணாடி பதித்த வாசற்கதவு. அந்தக் கண்ணாடியில் தொப்பி வைத்த ஓர் ஆணின் நிழல். கதவு திறபடாது, படம் அதோடு முடிந்துவிடும். ஆனால் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலைத்தான் இப்போது வெள்ளை எழுத்து கீழே காட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு, அம்மணி. எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் இதே இடத்தில் அவள் கண்ணைத் துடைத்திருந்தாள், சந்தோசத்தில். பக்கத்திலிருந்த புருசன் ஜனார்த்தனன் அப்போது சொன்னது இதுதான்: "இப்ப இவன் என்ன சொல்றான் எண்டால், என்னை விட்டிட்டாங்கள், நான் வந்திட்டன், கதவைத் திற எண்டு."

ஜனார்த்தனன் முப்பது வருடம் நியூஜெர்சியின் பாலங்களைச் சோதித்துவிட்டு ஓய்வு பெற்ற இஞ்சினியர். எழுபத்தைந்து வயது. அவருடைய ஒரே பைத்தியம், அந்தக் காலத்து பிரிட்டிஷ் மர்மப் படங்கள். பெரிய படத்துக்கு முன்னால் இட்டு நிரப்பவென்று இரண்டு மூன்று வாரத்தில் எடுத்து முடித்த கறுப்பு வெள்ளைச் சரக்குகள். ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் ஓடும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துப் பார்த்தவை எல்லாம் இப்போது இன்டர்நெட்டில் சும்மா கிடக்கின்றன. அந்தப் படங்களின் ஏழ்மையில் அவருக்கு ஒரு தனி வாஞ்சை. "உந்த மாடிப்படியை நல்லாப் பாரும். போன கிழமை டொக்டர் வீடு, இந்தக் கிழமை பொலிஸ் ஸ்டேசன். ஒரே படி! கைப்பிடிக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிருக்கிறான். தெருக் கட்ட வழியில்லாட்டிப் பனிப்புகாரைப் போட்டிடுவான். கெட்டிக்காரர் அப்பா."

குமுதினிக்கு இங்கிலீஷ் தெரியாதென்று இல்லை. பள்ளிக்கூடக் கன்டீனில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள். அமெரிக்கப் பிள்ளைகளின் இங்கிலீஷில் சண்டையே பிடிப்பாள். ஆனால் இந்தப் படங்களின் இங்கிலீஷ் மூக்கால் புறப்பட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அதனால் அவர் சொல்ல அவள் கேட்பாள். முன்பெல்லாம் சுருக்கமாகத்தான் சொல்லுவார், பாலத்துக்கு ரிப்போர்ட் எழுதுவதுபோல. இந்த இரண்டு வருடமாகத்தான் அவர் சொல்லும் கதைகள் பூத்துக் குலுங்கத் தொடங்கின. கொலைகாரனுக்கு ஒரு தாய் வந்தாள், இன்ஸ்பெக்டருக்கு ஒரு வயிற்றுவலி வந்தது. அவளும் பின்னேரம் எப்போது வரும் என்று காத்திருக்கப் பழகிவிட்டாள்.

எழுத்தைப் போட்டுவிட்டது மகள் ரோஷினி. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தவள், டிவியில் எதையோ நோண்டி கேப்ஷனைப் போட்டுவிட்டாள். "உது இங்கிலீஷ் தெரியாத ஆக்களுக்கு" என்று ஜனார்த்தனன் உடனே நிறுத்தச் சொன்னார். ரோஷினி விடுவாளா? "டாட், ஐ நீட் இட்! போனதரம் நீங்க பாடி பூட்டுக்குள்ள கிடக்குது எண்டு சொல்ல, ஒரு முழு ஆள் எப்பிடி ஒரு ஷூக்குள்ள போகும் எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருந்தன்." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பூட் எண்டால் காரின்ரை டிக்கி, பிள்ளை. நாங்கள் படிச்ச இங்கிலீஷ் உது. உங்கடை அமெரிக்காக்கு விளங்காது."

அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் குமுதினி முதலில் மெசினைச் சந்தேகித்தாள். அமெரிக்க மெசின்தானே, அதுக்கு என்ன தெரியும்? அவர் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போயிருந்த அந்தக் காலையில், படத்தைத் தொடக்கத்துக்கு இழுத்துப் போட்டு, வரி வரியாக நிறுத்தி வாசித்தாள். பாங்க் கிளார்க் ஒருவன் தன் மனேஜரைக் கொன்று காரின் டிக்கியில் வைத்து ஊரெல்லாம் ஓடித் திரிகிறான். அதுவரைக்கும் சரி. பிறகுதான் பாதை பிரிந்தது. ஜனார்த்தனனின் கதையில் மனேஜர் தானாக விழுந்து செத்தவர். அதை நிரூபிக்க ஒரு பால்காரன் சாட்சி சொன்னான். எழுத்தில் வந்த பால்காரன் பால் போத்தலை வைத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கிளார்க்கைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு. கதவுக்கு அப்பால் நின்ற தொப்பிக்காரன், அந்தச் செய்தியை அவன் மனைவியிடம் சொல்ல வந்தவன்.

அவள் டிவியை அணைத்தாள். இரண்டு வருடம். அத்தனை படத்திலும் ஒருவன்கூடத் தூக்கில் தொங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவர் வருவதில்லை. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்துவிடுவார். எது கேட்டாலும் "ஓம் ஓம்". ஒவ்வொன்றுக்கும் அவள் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தாள். வயது, பிடிவாதம், அலுப்பு. இப்போது எல்லாம் ஒரே மாடிப்படியில் வந்து நின்றன.

கோபம்தான் முதலில் வந்தது. நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவளுக்கு இதைச் சொல்லக்கூடாதா? பிறகு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. வந்தவுடன் கோபம் பயமாக மாறிவிட்டது.

வியாழன்தோறும் பதினொரு மணிக்கு எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் நிலையத்தில், ஜனார்த்தனன் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே இந்தப் படங்களைக் காட்டுவார். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் வந்து சேர்ந்த தமிழ்நாட்டுக்காரர்கள்தான் அங்கே அதிகம். பேரனுக்கும் டே கேர், எனக்கும் டே கேர் என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்கிற நல்ல சனங்கள். அவருக்கு அங்கே 'சார்' என்று பெயர். அன்றைக்குத்தான் சவரம் செய்வார், மடிப்புக் கலையாத சட்டை போடுவார். வியாழக்கிழமை போனால் அந்த மனிதருக்கு வேறு கிழமை கிடையாது. போன வியாழன் படம் முடிகிற நேரத்தில், புதிதாக மரகதம் என்று ஒரு அம்மா வந்தார். திருப்பூர்ப் பக்கம், முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சர். "அடுத்த வாரம் மொதல்லயே வந்தர்றனுங்க. இங்கிலீஷ் படம் பாத்து எத்தன வருசமாச்சு" என்று குமுதினியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். இந்த வாரம் காட்டப்போவது இதே கிளார்க் படம்.

புதன்கிழமை மத்தியானம், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை காது..."

"காத்தோ?" அவர் நிமிர்ந்தார். "ஓம், இண்டைக்குச் சரியான காத்துத்தான்." எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவளால் இரண்டாம் தரம் கேட்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் ஓர் இலைகூட அசையாமல் நின்றது.

வியாழன் வந்தது. முன்வரிசையில் மரகதம், மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், வகுப்புப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி. லாப்டொப்பை டிவியில் மாட்டிக்கொண்டிருந்தவர் கோயமுத்தூர்க் கோபாலசாமி. குமுதினி நேரே அவரிடம் போனாள்.

"அண்ணை, கீழை எழுத்தைப் போட்டு விடுங்கோ."

"எதுக்குங்க? சார் சொல்றாருல்லங்க?"

"நான் இங்கிலீஷ் படிக்கிறன். இந்த வயசிலை ஒரு ஆசை. சிரிக்காதேங்கோ."

கோபாலசாமி சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். டிவியில் வெள்ளை எழுத்து விழுந்ததும் ஜனார்த்தனன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டினாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

படம் ஓடியது. "இப்ப இவன் என்ன சொல்றான் எண்டால், மனேஜரைப் போன வெள்ளிக்குப் பிறகு ஆரும் காணேல்லையாம்." அவ்வளவுதான். அடுத்த வரி வரும்வரை பேசாமல் இருந்தார். பழைய ஜனார்த்தனன், பால ரிப்போர்ட் ஜனார்த்தனன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. மரகதம் ஒவ்வொரு வரிக்கும் மெல்லத் தலையாட்டினார், விடைத்தாளில் சரி போடுவதுபோல. குமுதினிக்கு மூச்சு வந்தது. ஆனால் பின்வரிசை நெளியத் தொடங்கிவிட்டது. திருநெல்வேலிச் சுப்பையன் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "என்ன, இன்னைக்கு சார் ரொம்பச் சிக்கனமாச் சொல்லுதாரு? வீட்ல காப்பி குடுக்கலியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜனார்த்தனனும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அந்தப் பிந்தலை மரகதம் கண்டார். அவர் கண்டதைக் குமுதினி கண்டாள்.

பால்காரன் வந்தான், மழை வரும் என்று சொன்னான், போனான். ஜனார்த்தனன் அதையும் அப்படியே சொன்னார். சொல்லும்போது மட்டும் குரல் ஒருதரம் இடறியது. போன மாதம் தான் சாட்சிக்கூண்டில் ஏற்றி வைத்த மனிதன் பால் போத்தலோடு போய்விட்டதை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. கோர்ட், தீர்ப்பு. அவர் வாசித்தார், சொன்னார். பின்வரிசை அடங்கிவிட்டது. காஞ்சிபுரத்து அம்மா ஒருவர், "அய்யோ, தூக்கா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு மாடிப்படி. பூக்கண்ணாடிக் கதவு. தொப்பியின் நிழல். வெள்ளை எழுத்து வந்து நின்றது.

ஜனார்த்தனன் அதை வாசித்தார். உதடு அசைந்ததைக் குமுதினி பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். காஞ்சிபுரத்து அம்மாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப இவன் என்ன சொல்றான் எண்டால்..." அவர் தொண்டையைச் செருமினார். "கடைசி நேரத்திலை ஒரு பால்காரன் வந்து உண்மையைச் சொல்லிப்போட்டானாம். விட்டிட்டாங்களாம். நான் வந்திட்டன், கதவைத் திற எண்டு சொல்றான்."

பின்வரிசையில் பெருமூச்சு ஒன்று அவிழ்ந்தது. "அப்படிச் சொல்லுங்க சார்!" என்றார் சுப்பையன். குமுதினி மட்டும் முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மரகதம் எழுத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு குமுதினி பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் என்ன இருந்ததென்று சொல்ல வராது. முப்பது வருடம் பிள்ளைகளின் தாள் திருத்திய கண்.

"ஏனுங்க சார்," என்றார் மரகதம், "அந்தம்மா கீழ எறங்கி வந்து கதவத் தொறந்தாங்களா?"

ஜனார்த்தனன் புன்னகையோடு நின்றார். கேள்வி அவரிடம் போய்ச் சேரவில்லை. "ஓம்" என்ற சொல் அவர் வாயில் தயாராக இருப்பது குமுதினிக்குத் தெரிந்தது. அவள் எழும்பிப் போய் அவருக்கு நேர் எதிரே நின்று, உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"மனுசி... கதவைத்... திறந்தவவோ எண்டு ரீச்சர் கேக்கிறா."

அவர் அவளுடைய வாயைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார். கோபாலசாமி இன்னும் டிவியை நிறுத்தவில்லை. அவர்களுக்குப் பின்னால் அந்தத் தொப்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில், உள்ளே வரவும் இல்லாமல் திரும்பிப் போகவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"பொறும்," என்றார் ஜனார்த்தனன், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இப்பதானே படியிலை இறங்கிறா."