முதலில் கடந்தவர்

அல்ம்விக் நகரத்துப் பார்வையற்றோர் சங்கத்தின் செயலாளர் இங்கமாருக்கு, ஹெட்விக் என்ற பெண்ணின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ரயிலடிச் சாலையைக் கடக்க டிக்டிக்கென்று ஒலிக்கிற சிக்னல் கம்பம் வேண்டுமென்று நாலு வருஷமாக நகரசபைக்கு மனு மேல் மனு எழுதியவர் இங்கமார். கம்பமும் வந்தது. ஆனால் திறப்பு விழாவில் முதல் ஆளாகக் கடக்கிற பெருமை, மால்மோவிலிருந்து குடிவந்து எட்டு மாதம்கூட ஆகாத ஹெட்விக்குப் போய்விட்டது.

"அவங்க பிறவியிலேயே பார்வை இல்லாதவங்க சார்," என்றாள் போனில் நகரசபைப் பெண். "உங்களுக்குத்தான் வலது கண்ணு கொஞ்சம் தெரியுதே!"

கொஞ்சமென்றால் ஆறு சதவீதம். இத்தனை நாள் பொக்கிஷமாக வைத்திருந்த அந்த ஆறு சதவீதத்துக்காக இங்கமார் முதன்முறையாக வெட்கப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்க் கம்பத்தைத் தடவிப் பார்த்தார். பொத்தான் பெட்டியின் பக்கவாட்டில் சாலையின் படம் புடைப்பாக இருக்கும். கீழிருந்து மேலாக விரலை ஓட்டினால் எதெது எந்த வரிசையில் வருகிறதென்று தெரிந்துவிடும். இங்கமாரின் விரலுக்கு முதலில் கார்ச் சாலை, பிறகு இன்னொரு கார்ச் சாலை, கடைசியில் சைக்கிள் பாதை தட்டுப்பட்டன. ஆனால் சைக்கிள் பாதையோ அவர் கால் நுனியிலேயே ஓடிக்கொண்டிருந்தது! எதிர்ப்பக்கத்துக்கான படத் தகட்டை இங்கே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

நகரசபைக்குச் சொல்ல எடுத்த போனை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். ஹெட்விக் அடிபட வேண்டும் என்றெல்லாம் இல்லை, அவ்வளவு கெட்டவரல்ல அவர். ஒரு சைக்கிள் மணி அடித்து, அவள் துள்ளி, கைக்கோல் நழுவி விழுந்தால் போதும். அந்த நேரம் பத்திரிகைக்காரன் கேமராவைத் திறந்து வைத்திருந்தால் இன்னும் விசேஷம்.

வியாழக்கிழமை விழா. காபி, ஏலக்காய் பன். "இது வெறும் கம்பமல்ல. ஜனநாயகம் நீட்டிய கை!" என்று முழங்கினார் நகரசபைத் தலைவர் பெர்டில். எல்லாரும் கைதட்டினார்கள். கம்பளிக் கையுறைகள் என்பதால் சத்தம்தான் எழவில்லை.

ஹெட்விக் பொத்தானை அழுத்தி, படத்தைத் தடவினாள். மெதுவாக அடித்த டிக்டிக், இனிக் கடக்கலாம் என்று வேகமெடுத்தது. அப்போது இங்கமாரின் வலது கண்ணில், இடதுபுறமிருந்து மஞ்சளாக ஒரு தீற்றல் விரைந்து வந்தது. சைக்கிள்! சிவப்பு விளக்கு கார்களுக்கு மட்டும்தான் என்பது அல்ம்விக் சைக்கிள்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. இங்கமார் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டிருந்தார். மறுகணம் முடியவில்லை.

"ஹெட்விக், நில்லும்மா! முதல்ல சைக்கிள் பாதை!"

மஞ்சள் சட்டை விர்ரென்று கடந்து போனது. ஹெட்விக் நின்ற இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை.

"நின்னுக்கிட்டுதானே இருக்கேன்? பன்னு தொண்டையில சிக்கிக்கிச்சா, செயலாளரே?"

"அந்தப் படம் தப்பு! மாத்தி மாட்டிட்டாங்க!"

"தெரியும். திங்கட்கிழமையே தடவிப் பாத்து நகரசபைக்குப் போன் பண்ணிட்டேன். அழைப்பிதழ் போயிடுச்சு, விழா முடியட்டும், மாத்திடறோம்னாங்க. நீங்க எப்பப் பாத்தீங்க?"

"செவ்வாய்..." வாய்தவறி வந்துவிட்டது.

"ஓஹோ. யார்கிட்ட சொன்னீங்க?"

இங்கமாருக்குத் திடீரென்று பன்னை மெல்லும் வேலை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சுட்டது வேறொன்று. திங்கட்கிழமை! அதிலும் ஒருநாள் முந்திக்கொண்டாளே!

பெர்டில் செருமினார். "ஒரு சின்னத் தொழில்நுட்பச் சிக்கல். அடுத்த வாரம் விழாவை மறுபடியும்..."

"நல்லா நடத்துங்க. இந்தத் தடவை செயலாளரே முதல்ல நடக்கட்டும், பாவம், நாலு வருஷமா காத்திருக்காரு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். டிக்டிக் வேகமெடுத்ததும் சைக்கிள் பாதையில் கோலைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, சாலையைக் கடந்து போய்விட்டாள். பத்திரிகைக்காரன் பெர்டிலின் விளக்கத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். இங்கமார் மட்டும்தான் பார்த்தார், ஆறு சதவீதத்தில்.

அடுத்த வாரம் அவர் கடந்தார். 'முதன்முதலாகக் கடந்தவர்' என்று பெரிய படத்தோடு பத்திரிகையில் வந்தது. உருப்பெருக்கியை வைத்து மூன்று முறை படித்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த 'முதன்முதலாக' அவர் கண்ணுக்கு 'இரண்டாவதாக' என்றே தெரிந்தது.