பால் உளிப் படை

மதியத்துக்குள் பதினொரு தலைகள் விழுந்துவிட்டன. தினேஸ்வரி கத்தியைத் துடைத்து, பன்னிரண்டாவது சிப்பாயின் கழுத்தில் வைத்து அழுத்தினாள். பொம்மைக்கடைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள்தான்; சுண்டுவிரல் உயரம். கழுத்தில் முக்காடு போட்ட புதுத்தலையை ஒட்டினால், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி போருக்குத் தயார். பசையில் சிவப்புச் சாயமும் காப்பித்தூளும் கலந்து இழுத்தால், உளி முனையில் ரத்தம் நூலாய்த் தொங்கும். மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடுகிற யார் யாரோ இணையத்தில் இலவசமாகக் கொட்டிவைத்த வித்தைகள் இவை. கற்றதைத் தமிழில் எழுதி அவளும் இலவசமாகவே போட்டுவந்தாள்.

படைத்தலைவியை மட்டும் நாற்பது நாள், இறுகினால் கல்லாகும் பசைமாவில் குடைந்து செய்தாள். ஓங்கிய கையில் ஊசி கனத்தில், மரப்பட்டை கீறும் பால் உளி. அவளைப்போல நூறு வார்க்க, அவள்மேல் ரப்பர் பாலைப் பூசிப் பூசிக் காயவைத்து அச்சு எடுக்கவேண்டும். பத்துப் பூச்சில் ஏழு முடிந்திருந்தது. இப்போது உளி உடைந்தால் தலைவியும் போனாள், அச்சும் போயிற்று.

சிம்பாங் பூலாயில் சின்ன ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் கலாதேவி சும்மா கொடுத்த பால் அது. பால் கெடாதிருக்க அம்மோனியா ஊற்றவேண்டும். கடையில் விற்கும் ரப்பர் பாலில் அது முன்பே கலந்திருப்பதால் எந்த இணையக் குறிப்பும் அதைச் சொல்லவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த பால் திரிந்து நாறியது.

வேலை முடிந்து வந்த அண்ணன் தீபன் வாசலிலேயே நின்றான். தோட்டத்திலிருந்து வந்தவன் என்று பள்ளியில் அவனுக்கு ‘ஒட்டுப்பால்’, அதாவது நாறும் ரப்பர்க் கழிவு, என்றே பட்டப்பெயர்.

“இந்த நாத்தத்த விட்டு ஓடியாரத்தானேடி பிளாட்டு எடுத்தோம்? லிப்ட்ல எல்லாரும் மூக்கப் பொத்துறான்லா!”

“டப்பாவ இப்பவே கொட்டிடுறேண்ணே. அத மட்டும் தொடாதண்ணே.”

எதை என்று அவள் கண்ணே காட்டிக்கொடுத்தது. அறை விழுந்தது, உதடு கிழிந்தது. மேசையை உதைத்தான். பன்னிரண்டு பெண்களும் பூட்ஸுக்கடியில் நொறுங்கினார்கள். தலைவி பொதிந்திருந்த ரப்பர் உருண்டையோடு அவன் நடைபாதைச் சுவருக்குப் போனான். நாலாவது மாடி.

தினேஸ்வரி பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. அவள் தலையைச் சுவரில் இரண்டு முறை மோதினான், அவள் விடவில்லை. மூன்றாவது மோதலில் கண் இருண்டது. உருண்டை பறந்தது.

கீழே ஒரு காரின் கூரையில் விழுந்து, பந்துபோல் துள்ளி, வாசலில் வடை பொரித்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு பெர்னடெட் அக்காவின் காலடியில் நின்றது.

“எவன்டா அவன்? என் மண்டைய பொளந்திருப்பியே!”

தினேஸ்வரி படிகளில் உருளாத குறையாக இறங்கி, உருண்டையை எடுத்து வெயிலில் பிடித்தாள். மஞ்சள் ரப்பருக்குள் உளியின் நிழல் நேராக நின்றது.

பின்னாலேயே தீபன் வந்தான், முழங்கைவரை ரத்தம் வடிய.

“எந்த நாய்டா கடிச்சிச்சி?” என்றாள் அக்கா.

“இவதான்.”

“நல்லாத்தான் கடிச்சிருக்கா.”

அவன் மற்றக் கையை ஓங்கினான். தினேஸ்வரி நகரவில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

“அந்தக் கையும் வேணுமாண்ணே?”

அக்கா எண்ணெய் சொட்டும் கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். அவன் கை மெல்ல இறங்கியது.

“அக்கா, ஒங்க வீட்டுல மேச இருக்கா?” என்றாள் தினேஸ்வரி. “மூணு பூச்சு பாக்கி இருக்கு.”