பத்தொன்பது பேர் எழுதிய நான்கு

ஜெர்மனியில், எசன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். தொகையீட்டில், அதாவது integration கணக்குகளில், மாணவர்கள் விடும் பிழைகளும் அவற்றின் காரணங்களும்தான் என் ஆய்வு. இந்த முறை பரீட்சையில் மூன்றாம் கேள்விக்குச் சரியான விடை 156. பத்தொன்பது பேர் 4 என்று எழுதியிருந்தார்கள். x-க்குப் பதிலாக u-வைப் போட்டவர்கள் அதற்கேற்பத் தொகையீட்டின் கீழ், மேல் எல்லைகளை மாற்றவில்லை. 0, 2 என்பவை 1, 5 ஆகியிருக்க வேண்டும். என் அட்டவணையில் காரணம் என்ற இடத்தில் பத்தொன்பது முறை 'கவனக்குறைவு' என்று எழுதினேன். ஆய்வின் முக்கிய முடிவே அதுதான்.

திருத்திய விடைத்தாளை வந்து பார்க்க ஒரு நாள் உண்டு. ஆளுக்கு இருபது நிமிடம். அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தியான யதுசா வந்தாள். சித்தியடைய நாற்பது புள்ளி வேண்டும், அவளுக்கு முப்பத்தொன்பது. மூன்றாவது தடவை எழுதியவள். இதிலும் தவறினால் படிப்பு முடிந்தது. நாலாவது தடவை கிடையாது.

பதினைந்து நிமிடம் தாளையே பார்த்தாள். பிறகு, ஏன் இந்தப் பிழை என்று நினைக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். கவனக்குறைவு என்றேன். அவள் தமிழுக்கு மாறினாள்.

"அண்ணை, நான் நல்ல கவனமாத்தான் செய்தனான்."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அனுமதி கேட்டு, பையிலிருந்து போனை எடுத்தாள். நவம்பரில் என் வகுப்பில் எடுத்த படம். கரும்பலகை, அதன் ஓரத்தில் என் முதுகு. u-வுக்கு மாறிய வரியிலும் எல்லைகள் 0, 2.

"உங்கட எழுத்துத்தானே?"

"ஓம்."

கடைசியில் x-க்கே திரும்புவதாக இருந்ததால் எல்லைகளைத் தொடவில்லை என்று விளக்கினேன். பலகையில் இடம் முடிந்துவிட்டது. மிச்சத்தை வாயால் சொன்னேன்.

"எல்லாரும் பை பூட்டின சத்தத்தில ஒண்டும் கேக்கேல்ல, அண்ணை." குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

இருபது நிமிடம் முடிந்தது.

அவள் போனதும் பெயர்களைப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் என் வகுப்பு. அதே பரீட்சை எழுதிய மற்ற வகுப்புகளில் ஒருவர்கூட அந்தப் பிழையை விடவில்லை. வகுப்பு வாரியாகப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. படத்தை அவளிடம் கேட்டு வாங்கி, நடந்ததை எழுதி, பரீட்சைக்கும் என் ஆய்வுக்கும் பொறுப்பான பேராசிரியருக்கு அனுப்பினேன். பத்தொன்பது பேருக்கும் ஒரு புள்ளி கொடுக்கச் சொன்னார். ஆய்வைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அட்டவணையில் பத்தொன்பது இடத்திலும் 'கவனக்குறைவு' என்பதை அழித்தேன். அங்கே என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது யதுசாவின் செய்தி வந்தது.

"நாற்பது வந்திட்டுது. நன்றி அண்ணை. அடுத்த முறை பெரிய பலகை இருக்கிற அறையாப் பாருங்கோ."