எங்கள் அறையில் கப்பல் மூழ்காது

நான் ஒரு கடற்போர் நிபுணன். இதை வெளியில் சொல்லும்போது என் மனைவி பக்கத்தில் இருந்தால் சிரித்துவிடுவாள். துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறி, கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே நான் வாந்தி எடுத்ததை நேரில் பார்த்தவள் அவள். விமானமும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஆனால் கடற்படையும் விமானப்படையும் கைகோத்து ஒரு நாட்டை எப்படிக் காக்க வேண்டும் என்று தலையணைத் தடிமனில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். கனமான நூல் என்று பத்திரிகைகள் பாராட்டின. உண்மைதான். எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருப்பது அந்தப் புத்தகத்தால்தான்.

பிழைப்புக்கு நான் செய்வது நடுவர் வேலை. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெரிய மேசை இருக்கிறது. அதன்மேல் கடல் வரைபடம், உள்ளங்கை நீளத்துக் கப்பல்கள், கட்டைவிரல் அளவு விமானங்கள். ஒரு பக்கம் நம்மவர்கள் நிற்பார்கள், எதிர்ப்பக்கம் எதிரி. இருவரும் மாறி மாறிக் காய் நகர்த்துவார்கள். ஏவுகணை பட்டதா, தப்பியதா என்று நான் பகடை உருட்டித் தீர்ப்புச் சொல்வேன். வளர்ந்த மனிதர்கள் சீருடை போட்டுக்கொண்டு ஒரு பகடையையே பார்த்து நிற்பதைக் கண்டால் சிரிப்பு வரும். ஆனால் நிஜக் கப்பல் எந்த வழியாகப் போகலாம், அதற்குத் துணையாக என்னென்ன போக வேண்டும் என்பதை மேலிடம் அந்த மேசையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

மேசையைச் சுற்றி வழக்கமாக நிற்பவர்கள் மூன்று பேர். கடற்படையின் அட்மிரலுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் சமுத்திரம். விமானப்படையிலிருந்து வருகிறவர் ஆகாயம். எதிரியாக ஆடுகிறவர் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சாது. சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார், எல்லோருக்கும் கொடுப்பார். அவரை எல்லோருமே எதிரி என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவிகூட, "எதிரிக்கு முட்டி வலி தேவலையா?" என்று விசாரிப்பாள்.

எனக்கு முன்னால் நடுவராக இருந்தவர் ஓய்வு பெற்ற அன்று, அறைச் சாவியோடு ஒரு வழக்கத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நம்முடைய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கக் கூடாது. அறையில் அதற்கு மகாராணி என்று பெயர். எதிரி அதை எப்படி அடித்தாலும், பகடை என்ன சொன்னாலும், நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பலத்த சேதம், நாளைக் காலை தயார்" என்று சொல்ல வேண்டும். சமுத்திரத்தின் முகம் மலரும். விமானப்படை மனம் கோணக் கூடாது என்று அவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. அவர்களுடைய ஓடுபாதையில் எத்தனை குண்டு விழுந்தாலும், "கான்கிரீட் காய்ந்துவிட்டது" என்பேன். ஆகாயம் தலையாட்டுவார். கப்பல் மூழ்காது, ஓடுபாதை உடையாது. எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடப் போகலாம். எதிரி மட்டும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, "நல்ல சிமென்ட் சார்" என்பார்.

எனக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஆட்டமே காய்களைப் பற்றியது, காய்க்கு வலிக்கவா போகிறது என்று இருந்துவிட்டேன். என் ஒரே மகளை நிஜமான மகாராணியில் வேலைக்குப் போடும் வரைக்கும் அப்படித்தான்.

அவள் கடற்படையில் சேர்ந்ததற்கே என் புத்தகம்தான் காரணம் என்று மனைவி என்மேல் பழி போட்டாள். மகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததே இல்லை என்பதுதான் உண்மை. மகளுக்கு வேலை கப்பலின் மேல்தளத்தில். வந்து இறங்கும் போர் விமானங்களை வாங்கி ஒதுக்கி நிறுத்தி, எரிபொருள் நிரப்பி, குண்டு மாட்டி, திரும்ப அனுப்புகிற கூட்டத்துக்கு அவள் அதிகாரி. என் மனைவிக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. செய்தியில் கடல் என்ற சொல் வந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

மகள் விடுப்பில் வந்திருந்தாள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, உங்க மேசையில எங்க கப்பல் எத்தனை தடவ மூழ்கியிருக்கு?"

நான் சிரித்தேன். "ஒரு தடவகூட இல்லம்மா."

சொன்னது சுத்தமான உண்மை. அதைவிடப் பெரிய பொய்யையும் நான் சொன்னதே இல்லை.

அவள் உடனே அம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா? இத்தன வருஷமா அப்பா என்னென்னத்தயோ விட்டு அடிச்சுப் பாத்திருக்காரு. ஒண்ணும் ஆகல. நான் கப்பல்ல எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லி வச்சிருக்கேன். புதுசா வர்ற பசங்க பயப்படுவாங்க இல்ல, அவங்ககிட்டகூட."

மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படி மதிப்போடு பார்த்து எனக்கு ஞாபகம் இல்லை. அன்று அவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். அதற்குப் பிறகு தினமும் நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது, "மகாராணி எப்படி இருக்கா?" என்று கேட்பாள். "மிதக்கறா" என்பேன். அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

மகள் கப்பலுக்குத் திரும்பிய பிறகு மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. வணிகக் கப்பல்களுக்குக் காவலாக மகாராணி ஒரு குறுகிய நீரிணை வழியாகப் போக வேண்டும். இரண்டு கரையும் எதிரிக்குக் கையெட்டும் தூரம். மேசையில் ஆடிப் பார்த்து, சரி என்றால் கப்பல் கிளம்பும்.

"எங்க விமானம் எங்ககிட்டயே இருக்கு. கரையிலேர்ந்து யாரும் வந்து எங்களக் காப்பாத்த வேண்டாம்" என்றார் சமுத்திரம்.

"நடுவானத்துல எண்ணெய் ஊத்தற விமானத்த எங்களுக்கு வாங்கிக் குடுத்திருந்தா, இந்தக் கப்பலே தேவையில்ல. கரையிலேர்ந்தே மொத்தக் கடலையும் நாங்க பாத்துக்குவோம். இருக்கறது கொஞ்சம். அதை இவங்களுக்கு அனுப்ப முடியாது" என்றார் ஆகாயம்.

இரண்டு படைகளின் ஒருங்கிணைப்பைப் பற்றி என் புத்தகத்தில் நீளமான அத்தியாயம் ஒன்று உண்டு. இருவருக்கும் கையெழுத்துப் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. எதிரி ஏவுகணையைத் தொடவே இல்லை. ஒரு பழைய கார் விலைகூட பெறாத ட்ரோன்களைச் சின்னப் படகுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக அனுப்பினார். மகாராணியின் துணைக் கப்பல்கள் அவற்றை ஒன்று விடாமல் வீழ்த்தின. வீழ்த்த வீழ்த்த அவர்களுடைய விலை உயர்ந்த எதிர் ஏவுகணைகள் தீர்ந்துகொண்டே வந்தன. மகாராணியின் போர் விமானங்கள் மேலே சுற்றிச் சுற்றி எரிபொருள் காலியாகி, ஒன்றன்பின் ஒன்றாக மேல்தளத்தில் வந்து இறங்கின. வானத்தில் ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இறங்கித்தானே ஆக வேண்டும். சமுத்திரம் குட்டி விமானங்களைக் கப்பலின் முதுகில் வரிசையாக அடுக்கினார். அப்போதுதான் எதிரி கரையோர லாரிகளில் ஒளித்துவைத்திருந்த ஏவுகணைகளை விட்டார்.

பகடையை உருட்டினேன். பட்டது. மறுபடி உருட்டினேன். அதுவும் பட்டது. எங்கே என்று பார்க்க இன்னொரு முறை உருட்ட வேண்டும். மேல்தளம். எரிபொருளும் குண்டுமாக நிற்கிற விமானங்களுக்கு நடுவில்.

சமுத்திரம் சாப்பாட்டுக்குக் கிளம்பத் தொப்பியை எடுத்துவிட்டார். ஆகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது, இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி நாக்குக்கே மனப்பாடம். ஆனால் மேசையில் இருந்த மகாராணிக் காயின் மேல்தளத்தைப் பார்த்தேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம், எங்கப்பா சோதித்துப் பார்த்துவிட்டார், பயப்படாதீர்கள் என்று என் மகள் சொல்லிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான்.

"மூழ்கிடுச்சு" என்றேன்.

"என்ன சொன்னீங்க?" சமுத்திரம் காதைத் தீட்டினார்.

"மகாராணி மூழ்கிட்டா சார்."

"பலத்த சேதம்னு சொல்லுங்க."

"சேதம் இல்ல சார். கப்பலே இல்ல."

ஆகாயத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு மலர ஆரம்பித்தது. வந்தது வந்தாயிற்று என்று நான் அவர் பக்கமும் திரும்பினேன். "காலையில உங்க ஓடுபாதையில குண்டு விழுந்தது ஞாபகம் இருக்கா சார்? கான்கிரீட் இன்னும் காயல."

இரண்டு பேரும் ஒரே குரலில் என்மேல் பாய்ந்தார்கள். ஒருவர் தொடங்கிய வசவை மற்றவர் முடித்தார். புத்தகமும் கருத்தரங்குகளும் போட்டு என்னால் சாதிக்க முடியாத படை ஒருங்கிணைப்பு, அன்று பத்தே நிமிடத்தில் என் தலைமேல் நடந்தேறியது. எதிரி ஒரு பிஸ்கட்டை எடுத்து, தான் சாப்பிடாமல் என் கையில் வைத்தார். எனக்குள் வீரம் ஒன்றும் இல்லை. சுத்தமான பயம். என் நாற்காலி போய்விடும் என்று நினைத்தேன். இன்னொன்றை நினைத்து அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

வீட்டில் செருப்பைக் கழற்றினேன். உள்ளிருந்து குரல் வந்தது. "மகாராணி எப்படி இருக்கா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இன்னைக்கு மூழ்கிட்டா" என்றேன். பிறகு மொத்தத்தையும் சொன்னேன். வழக்கம், சிமென்ட், நாளைக் காலை தயார், எல்லாவற்றையும். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவ தப்பிச்சாளா?"

"யாரு?"

"கப்பல் மூழ்கிச்சே. அதுல இருந்தவ தப்பிச்சாளான்னு கேக்கறேன்."

"அது... ஆளுங்களுக்கு விதி எதுவும் இல்ல. காய்தான். காய்க்குள்ள ஆள் கிடையாது."

அவள் முட்டுக் கொடுத்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்க. ஆளே இல்லாமயா எழுதினீங்க?"

அந்தப் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களிலேயே சரியானது அதுதான். எனக்கு அழுகை வந்தது.

நாற்காலி போகவில்லை. என் இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை என்பதுதான் காரணம். ஆனால் மூழ்கிவிட்டது என்ற சொல் எப்படியோ மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மகாராணி கிளம்புவதை நிறுத்தி வைத்தார்கள். எரிபொருள் ஊற்றும் விமானங்களோடு சேர்த்துத் திட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். சமுத்திரமும் ஆகாயமும் மேசையின் ஒரே பக்கத்தில், ஒருவர் முழங்கை ஒருவர்மேல் படாமல் ஜாக்கிரதையாக நின்றார்கள். நான் இந்த முறை புது விதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். கப்பலில் எந்தப் பகுதியில் அடி விழுந்தாலும், அங்கே இருக்கும் ஆட்களுக்கும் பகடை உருட்ட வேண்டும். யாரும் மறுக்கவில்லை. சமுத்திரம்தான், "இது முன்னாடியே இருந்திருக்கணும்" என்று மெல்லச் சொன்னார்.

இந்த முறை விமானங்கள் இறங்காமல் மேலேயே நின்றன. எதிரியின் ஏவுகணைகளில் பெரும்பாலானவை வழியிலேயே விழுந்தன. இரண்டு மட்டும் தப்பி வந்தன. ஒன்று இயந்திர அறைப் பக்கம். அங்கே உள்ளவர்களுக்கு உருட்டினேன், வந்த எண்ணைச் சத்தமாகப் படித்தேன். இன்னொன்று மேல்தளத்தில் பட்டது.

பகடையைக் கையில் எடுத்தேன். விரல்களை மூடிக்கொண்டேன். திறக்க வரவில்லை.

எதிரி என் கையைப் பார்த்தார். ஒரு குட்டி விமானத்தின் இறக்கையைத் துடைக்க ஆரம்பித்தார். சமுத்திரம் தொப்பியை எடுத்து, "சாப்பிடப் போலாமா?" என்றார். ஆகாயம், "பசிக்குது" என்றார். நேரமோ பதினொன்றுகூட ஆகவில்லை.

ஒரு சலுகையை ஒழித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவன், மாதம் முடிவதற்குள் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். பகடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"மகாராணி எப்படி இருக்கா?"

"மிதக்கறா. அடி பட்டிருக்கு. ஆனா மிதக்கறா. நிஜமாவே."

"ஆளுங்க?"

இயந்திர அறையைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். அவர்களும் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

"மேல்தளம்?"

பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "அங்க நான் உருட்டல."

அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"உருட்டாதீங்க" என்றாள்.