ஜோடி மாட்டிக்கிச்சு

எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்த வினை. எக்ஸிட்டான் என்று ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்ல முடியாமல் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் அதை ஜோடி என்போம். சனிக்கிழமை சாயங்காலம் ராஜபாளையம் வீட்டிலிருந்து நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில், அதே ஆய்வகத்தில், ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆனவன்.

"ஜோடி வசமா மாட்டிக்கிச்சா? அய்யோ, நாலு வருசமா இதுக்குத்தான்டா காத்துக் கெடந்தேன்! காலையில மொத பஸ்ஸுல வாரேன். வீட்டுல இன்னும் சொல்லல," என்று துள்ளினேன்.

பின்னால் அப்பா நின்றிருக்கிறார். இருளப்பசாமி, ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர். அவர் காதில் விழுந்தது வேறு ஜோடி. விடிந்து பார்த்தால் என் அறை வெளியே பூட்டியிருந்தது. போனையும் காணோம், அவரையும் காணோம்.

தட்டித் தட்டிக் கை வீங்கியது. அம்மா வெளியே நின்று அழுதாளே தவிர, சாவி அவளிடம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. குளிரூட்டும் ஹீலியம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மூன்று அணு கனத்தில் ஒரு தாள், அதில் ஒரு சுருக்கம், அந்தச் சுருக்கத்தில் சிக்கிய ஜோடி. சூடேறிவிட்டால் அது மறுபடி கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அளக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அளந்தால்தான் ஆய்வேட்டை முடிக்க முடியும்.

மதியம் அப்பா வந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"யாருட்டி அந்த ஜோடி?"

"எக்ஸிட்டான்ப்பா!"

"எந்த ஊர்க்காரன்?"

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

"ஆளே இல்லப்பா. தாள் மேல வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் எந்திரிச்சுப் போவும். அது இருந்த எடம் காலியாக் கெடக்கும். அந்தக் காலி எடம் எலக்ட்ரானைப் பிடிச்சு இழுக்கும். ரெண்டும் சேந்தே அலையும். பொறவு எலக்ட்ரான் அதுலயே விழுந்துரும், துளி வெளிச்சம் வரும். அதைத்தான் அளக்கணும்."

"காலி எடத்தை எவளாவது ஜோடிம்பாளா?"

என் போனிலேயே நவநீதனுக்கு அடித்தார். இருவரைத் தனித்தனியே விசாரிப்பது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். அவனும் பயந்து உளறிக்கொட்டி, அதே காலி இடத்தில் வந்து முடித்திருக்கிறான்.

"ரெண்டு வாக்குமூலமும் ஒத்துப்போவுது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒம்மேல தப்பில்ல தாயி."

"அப்பத் தெறங்க! இப்பக் கெளம்புனாக்கூட அளந்துருவேன்."

நாற்காலியைக் கதவுக்கு இன்னும் கிட்டே இழுத்தார்.

"காலையில சோழபுரத்துல தாம்பூலம் மாத்திட்டு வந்துட்டேன்."

"யாருக்கு?" என்று மடத்தனமாகக் கேட்டேன்.

"மாப்பிள்ளை பட்டாளத்துல இருக்காவ. நீ ஓடிருவியோன்னு பயந்துட்டேன் தாயி."

"தப்புன்னு தெரிஞ்சுட்டுல்லா? போய்ச் சொல்லுங்க!"

"வாக்குக் குடுத்துட்டனே. சாயங்காலம் ஒன்னப் பாக்க வாராவ. நீ போய்ட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

அப்பா அழுதார். அழுதாரே ஒழிய, பூட்டில் கை வைக்கவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி கெஞ்சினேன்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. அவர்தான் எடுத்துப் பேசினார்.

"அந்தத் தம்பிதான். வாயு தீந்துட்டாம். இனி நீ அவசரமா வர வேண்டாமாம்," என்றார்.

அப்புறம் கதவைத் திறந்தார்.

"என் நாலு வருசம் போச்சேப்பா!" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு தாயி," என்றார். "அவிய வந்துட்டாவ."